வெட்டு, ஓடை, கொட்டுமண்: கோத்தகிரிப் பக்கத்து ஊர்க் குறிப்புகள்

செப்டம்பர் 28

கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்கு மழைதான் கணக்கு. அது இறங்குவதற்குள் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் காட்டேஜ் கட்ட மண் வெட்டியிருக்கிறார்கள். வெட்டு செங்குத்தாக நிற்கிறது, உயரம் நாலு மீட்டருக்குக் குறையாது. வெட்டிய மண் லாரி ஏறவில்லை. அதே மேட்டின் விளிம்பில் தள்ளி, மேலே சமன் செய்திருக்கிறார்கள். மழை வந்தால் முதலில் கிளம்புவது இந்தக் கொட்டுமண்தான். இறுகாத மண் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அடியில் பழைய சரிவு வழுக்கும்.

நீலகிரியில் பட்டா நிலமானாலும் பொக்லைன், ஜேசிபி ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி நகலைக் காட்டச் சொல்லிக் கேட்பது பகையாகாது. கீழே குடியிருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

செப்டம்பர் 30

பலரும் சிட்டாவை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நிலம் யார் பெயரில், எத்தனை பரப்பு என்பதுதான் சிட்டாவில் இருக்கும். தண்ணீர் போகும் வழி அதில் தெரியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: புல வரைபடம் என்கிற எஃப்எம்பி, ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டின் நகல். இரண்டையும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். ஓடைக்குத் தனிப் புல எண் இருந்தால் அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று வரும். அதை மூடவோ திருப்பவோ யாருக்கும் உரிமை இல்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும்.

சிக்கல் வேறு இடத்தில். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிறு நீர்வழிகள் பல வரைபடத்திலேயே இல்லை, பட்டா நிலத்துக்குள் போகின்றன. அவற்றுக்குப் பெரியவர்களின் நினைவே சாட்சி. ஊரில் நாலு பேர் நடந்து போய், எந்தப் பாறையில் தொடங்கி எந்தப் பாலத்தில் சேர்கிறது என்று படம் எடுத்து, எஃப்எம்பி நகலில் பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். காட்டேஜ் வெட்டு அப்படியொரு வழியின் மேல்தான் இருக்கிறது.

அக்டோபர் 2

கிராம சபை. "நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய தீர்மானத்தால் பயன் இல்லை. புல எண், உட்பிரிவு, வெட்டின் நீளம் உயரம், அதற்குக் கீழே உள்ள வீடுகளின் எண்ணிக்கை எல்லாம் வர வேண்டும். கேட்பது மூன்றே மூன்று: வேலையை நிறுத்துவது, கொட்டுமண்ணை மழைக்கு முன் அகற்றுவது, ஓடையை அளந்து கல் நடுவது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியபின் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஊரிடமும் இருக்கட்டும்.

காட்டேஜில் இருந்து பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்று விளிம்பில் நின்ற சில்வர் ஓக் மரங்களையும் சாய்த்துவிட்டார்கள். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கும் முன் அனுமதி தேவை. வெட்டிய மரத்தின் வேர் சில வருடம் மண்ணைப் பிடித்திருக்கும். அழுகியபின் விட்டுவிடும். அப்போது மரம் வெட்டியது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அக்டோபர் 9

கொட்டுமண்ணில் பாதியை அகற்றிவிட்டார்கள். மீதியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள்.

இனி மேல்நீர் வாய்க்கால். வெட்டின் உச்சியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மேலே இருந்து வரும் நீரை மறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோய் இயல்பான ஓடையில் விட வேண்டும். வாட்டம், அதாவது வாய்க்காலின் சரிவு, நூறு அடிக்கு ஒன்று முதல் இரண்டு அடி. கூடினால் அடியை அரிக்கும், குறைந்தால் தேங்கும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) வைத்துப் பார்ப்பதே நல்லது. மலையில் கண் ஏமாற்றும். வாய்க்காலின் அடியைக் கல்லும் சிமென்ட்டும் வைத்துப் பூச வேண்டும், குறைந்தது தடித்த பிளாஸ்டிக் தாளாவது விரிக்க வேண்டும். பூசாமல் விட்டால் மறித்த நீர் முழுவதும் வெட்டின் பின்னால் இறங்கும். அதைவிட வாய்க்கால் இல்லாமலிருப்பதே மேல்.

நீரின் அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 சென்ட் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். 2009 நவம்பரில் நீலகிரியில் 43 பேரைக் கொண்டுபோன மழையில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. அப்படிப் பெய்தால் எந்த வாய்க்காலும் தாங்காது, ஆட்களை அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. ஆனால் சாதாரண மழைக்கே சரியும்படி ஓர் இடத்தை நாமே உண்டாக்கி வைக்கக் கூடாது.

அக்டோபர் 19

இரவெல்லாம் மழை. வெட்டுக்கு மேலே, விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அகலத்தில் பிளவு விட்டிருக்கிறது. பிளவின் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை அளந்து, காலையும் மாலையும் எழுதி வையுங்கள். களிமண்ணைத் திணித்து மேலே தார்ப்பாய் போடுங்கள். நீர் உள்ளே போகக் கூடாது.

கீழ்வரிசை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை: ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, புதிய இடத்தில் நீர் கசிவது, மின்கம்பம் சாய்வது, கதவு இறுகுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்காமல் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அக்டோபர் 27

காட்டேஜ் வேலி காட்டெருமைத் தடத்தை மறித்துவிட்டது. மந்தை இப்போது பள்ளிப் பாதையில் இறங்குகிறது. விடியலிலும் இருட்டிலும் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

நவம்பர் 5

தாங்குசுவர் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே விழும் சுவர்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளுவது பின்னால் தேங்கும் தண்ணீர். கருங்கல் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். அஸ்திவாரம் கொட்டுமண்ணில் நிற்கக் கூடாது, கெட்டித் தரை வரை இறங்க வேண்டும். நீர் வடிய 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் இரண்டு மழையில் மண் அடைத்துக்கொள்ளும். இங்கே குழாய் இருக்கிறது, ஜல்லி இல்லை. மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது, உரிமையாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியும் வெட்டின் உச்சியில்தான் தோண்டியிருக்கிறார்கள். அது ஆண்டு முழுக்க மண்ணை ஊறவைக்கும், கட்டாயம் இடம் மாற வேண்டும்.

நவம்பர் 14

கேரட் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். வரப்பை மேலிருந்து கீழாகப் போட்டால் நீர் சீக்கிரம் வடியும், கிழங்கு அழுகாது என்பது உண்மை. அந்த நீரோடு மேல்மண்ணும் ஓடைக்கு வருகிறது. பாலத்தடிக் குழாய் முக்கால்வாசி அடைந்ததற்கு அதுவே காரணம். குறுக்கே சற்றுச் சாய்த்து வரப்பு போட்டு, ஓரத்தில் புல் வரிசையும் கடைசியில் ஒரு மண்பிடி குழியும் வைத்தால் நீரும் வடியும், மண்ணும் நிற்கும். குழியில் சேரும் மண்ணை அறுவடைக்குப் பின் தோட்டத்துக்கே திருப்பிப் போடலாம்.

பாலத்தில் இருப்பது ஓரடிக் குழாய். ஈரடிக் குழாய் வைத்தால் நீர் போகும் வாய் நாலு மடங்காகும். அந்தக் கோரிக்கையையும் அடுத்த கிராம சபைக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஓடை அளக்க சர்வேயர் வரும் நாளில் எஃப்எம்பி, அ-பதிவேடு, தீர்மான நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஓடையை ஒட்டிய பட்டாதாரர்கள் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும்.