ஆர்வத்துக்கு இட்ட மதிப்பெண்

அந்த நேர்முகத் தேர்வு முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது. தேர்வானவர் கணக்குப் பிரிவில் நன்றாகவே வேலை செய்கிறார். ஆகவே இதில் வருந்த ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனாலும் ‘தொழில் ஆர்வம்’ என்ற பத்தியில் நான் இட்ட மதிப்பெண்ணையும், அதற்காகத் தேர்வுக் குழுவில் உடனிருந்த மேடத்திடம் வாதாடிய விதத்தையும் மனம் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறது.

இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வழக்கம்போலத்தான் கேட்டோம். “நான் தேர்ந்தெடுக்கவில்லை, சார். அப்பா கணக்கு எழுதுபவர். அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது அவர் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்படியே தொடர்ந்துவிட்டது” என்றார் அந்த இளைஞர். மேடம் ஐந்துக்கு ஒன்று இட்டார். நான் நான்கு இட்டேன். அவருக்கு முன் வந்த பெண், கணக்கியல் தன்னை எப்படி ஈர்த்தது என்பதைத் தயார் செய்துகொண்டு வந்து, தடுமாறாமல் கூறியிருந்தார். அவருக்கு நான் இரண்டுதான் இட்டிருந்தேன், மனப்பாடம் செய்த பதில் என்று தோன்றியதால்.

“வேறு வழியில்லாமல் வந்தேன் என்கிறவர் வேறு வழி கிடைத்தால் போய்விடுவார், சார்” என்றார் மேடம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நானும் ஆர்வத்தால் இத்தொழிலுக்கு வந்தவன் அல்லன். மாமா ஒருவரிடம் சொல்ல, அவர் தமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு தணிக்கையாளரிடம் சொல்லி, அங்கே உதவியாளனாகச் சேர்ந்தேன். இது என் ஒருவன் கதையும் அன்று. மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், அலுவலர்கள் எப்படி வேலை தேடிக்கொண்டார்கள் என்று விசாரித்து 1974இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் வழியாகவே வேலைக்கு வந்திருந்தனர். அந்தத் தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் அடிக்கடி சந்திப்பவர்கள் அல்லர், எப்போதோ ஒருமுறை பார்ப்பவர்கள். அப்படி வந்தவர்களே நாற்காலியில் அமர்ந்த பிறகு, எதிரில் இருப்பவரிடம் அவருடைய ஆர்வத்தின் வரலாற்றைக் கேட்கிறோம்.

அன்று மேடத்திடம் நான் டார்வினைக்கூட இழுத்தேன். 1831இல் பீகிள் கப்பலில் செல்ல அவருக்கு அழைப்பு வந்தபோது தந்தை மறுத்துவிட்டார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் அந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியதால்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகும், கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அவருடைய மூக்கின் வடிவத்தைப் பார்த்து, இவருக்கு இப்பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்குமா என்று ஐயுற்றார். அந்த நேரத்தில் டார்வினுடைய ஆர்வத்துக்கு மதிப்பெண் இட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். (மேடம் சிரித்தார். நேர்முகத் தேர்வுக் குழுவில் டார்வினைப் பற்றிப் பேசுபவனிடம் வேறென்ன செய்வது?) “கதையை விடுங்கள், மேடம், கையைப் பாருங்கள்” என்றுதான் முடித்தேன். அந்த வாதம் எடுபட்டது.

கை என்று நான் சொன்னது செய்முறைத் தேர்வை. ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள 270 வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, பிழையைக் கண்டுபிடித்தார். ஆனால் கடைசிப் பகுதிக்கு நேரம் போதவில்லை. இளைஞரோ, 270 ஒன்பதால் மீதியின்றி வகுபடுவதைக் கவனித்து, இலக்கங்கள் இடம் மாறியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அத்தகைய பதிவை மட்டும் தேடினார். 1,410 என்பது 1,140 என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டு இலக்கங்கள் தமக்குள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே வரும் என்பது கணக்கர்களிடையே பழைய உத்தி. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “அப்பா சொல்லிக் கொடுத்தது, சார்.”

அந்தப் பதிலை அன்று நான் ரசித்தேன். இப்போது என்னை உறுத்துவதும் அதுதான். பிறப்பும் தற்செயலும் தந்த கதையை விட்டுவிட்டுத் திறமையை மட்டும் பார்ப்போம் என்று வாதாடிய நான், மெச்சிக்கொண்ட திறமையே வீட்டிலிருந்து வந்ததாக இருந்தது. விண்ணப்பத்தின்படி, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அந்தப் பெண். ஒன்பதால் வகுத்துப் பார் என்று சொல்ல அவருக்கு வீட்டில் ஆள் இல்லை. நேர்முகத்தில் என்ன பேச வேண்டும் என்பதையும் அவர் எங்கோ தேடிப் படித்துத்தான் தயார் செய்திருக்க வேண்டும். அந்த முயற்சியைத்தான் மனப்பாடம் என்று நான் குறைத்து மதிப்பிட்டேனோ? அப்படி முழுவதும் ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. வேகமும் வேலைக்குத் தேவைதான். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பது இளைஞருக்கு அநியாயம். தம் நிலையை மறைக்காமல் சொன்னதற்கு அவருக்குக் கொஞ்சம் மதிப்புத் தரக் கூடாதா? ஆனால் அந்த உண்மை என் கதையைப் போல் இல்லாமலிருந்தால் நான்கு இட்டிருப்பேனா என்பதற்கு என்னால் உறுதி கூற முடியாது. அவருக்கு வாய்த்த தற்செயல்களில், அன்று அந்த நாற்காலியில் நான் இருந்ததும் ஒன்று.

அடுத்த தேர்வுக்கான படிவத்தைத் திருத்தியபோது, ஆர்வம் பற்றிய கேள்வியை நீக்கிவிடலாம் என்றேன். மேடம் உடன்படவில்லை. “வீட்டு உதவி இல்லாமல் ஒருவர் தாமாகத் தயார் செய்துகொண்டு வரக்கூடிய ஒரே கேள்வி அதுதான், சார். அதையும் எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் எதில் மதிப்பெண் வாங்குவார்கள்?” என்றார். செய்முறைத் தேர்வின் நேரத்தையாவது கூட்டுவோம் என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டார். ஆர்வத்துக்கான ஐந்து மதிப்பெண் படிவத்தில் இன்னும் இருக்கிறது. அதை எப்படி இடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றும் ஒத்துப்போகவில்லை.