ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் வடிவமும் சாப்பரோன்களும்: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

மார்ச் 4

பாடப்புத்தகப் படங்களில் மைட்டோகாண்ட்ரியா அவரை விதைபோல் தனித்தனியாகக் கிடக்கும். நன்றாக வளரும் ஈஸ்ட் செல்லில் அப்படி இல்லை. செல்சவ்வுக்குச் சற்று உள்ளே, கிளைவிட்டு ஓடும் குழாய்வலையாக இருக்கும். இணைதலும் பிளத்தலும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் அந்த வலை நிலைக்கிறது. வெளிச்சவ்வை இணைப்பது எஃப்இசட்ஓ1 என்ற புரதம், உட்சவ்வை இணைப்பது எம்ஜிஎம்1, குழாயை இறுக்கி வெட்டுவது டிஎன்எம்1.

வடிவம் என்றாலே பேச்சு இந்த மூன்றைச் சுற்றித்தான் போகும். ஆனால் மேட்ரிக்ஸில், அதாவது உட்சவ்வுக்கு உள்ளே உள்ள இடத்தில், இருக்கும் எஸ்எஸ்சி1 என்ற ஹெச்எஸ்பி70 வகைச் சாப்பரோன் (மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் புரதம்) செயலிழந்தாலும் வலை சரிந்து கட்டியாகத் திரள்கிறது. இது 2001-லேயே வெளிவந்த முடிவு. எஸ்எஸ்சி1-க்கு இரண்டு வேலைகள். உட்சவ்வில் உள்ள டிம்23 வாயில் வழியாக வரும் புரதத்தை உள்ளே இழுப்பது ஒன்று. உள்ளே வந்ததைத் திரளவிடாமல் மடிய வைப்பது இன்னொன்று. வடிவம் கெடுவது எந்த வேலை நின்றதால்? இந்தக் குறிப்புகள் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியவை.

எடுத்த வகைகள்: பிறழ்வில்லாத இயல்வகை, 37 டிகிரியில் செயலிழக்கும் எஸ்எஸ்சி1-3 பிறழ்வு, அதேபோல் வெப்பத்தில் செயலிழக்கும் டிம்23 பிறழ்வு, எஸ்எஸ்சி1-இன் துணைப்புரதமான எம்டிஜே1-இன் நீக்கம். நான்கும் ஒரே மரபணுப் பின்னணியில் இருக்க வேண்டும். பின்னணி மாறினாலே வலையின் அடர்த்தி மாறிவிடும், பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

மார்ச் 5

நாள் முழுக்க ஒளிரும் அடையாளம் பற்றியே. பலர் தடுக்கி விழும் இடம் இது.

வழக்கமாக எடுப்பது மேட்ரிக்ஸுக்குப் போகும் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்): நியூரோஸ்போரா பூஞ்சையின் ஏடிபி சிந்தேஸ் 9-ஆம் துணையலகின் முன்வரிசையை, அதாவது உள்ளே அனுப்பும் முகவரித் துண்டை, முன்னால் ஒட்டியது. படம் பளிச்சென்று வரும். ஆனால் அது உள்ளே போவதற்கே எஸ்எஸ்சி1 வேண்டும். 37 டிகிரிக்கு மாற்றிய பிறகு உருவாகும் ஜிஎஃப்பி உள்ளே நுழையாமல் சைட்டோசாலில் (உறுப்புகளுக்கு வெளியே உள்ள செல்திரவத்தில்) தங்கி, செல் முழுக்க மங்கலாக ஒளிரும். அதைப் பார்த்து மைட்டோகாண்ட்ரியா சிதைந்துவிட்டது என்று எழுதினால் முழுத் தவறு.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெப்பம் ஏற்றும் முன்பே ஜிஎஃப்பி போதிய அளவு உள்ளே சேர்ந்திருப்பதை 25 டிகிரியில் பார்த்து உறுதிசெய்வது. மற்றொன்று, வெளிச்சவ்வுப் புரதமான டாம்70-இன் வால்முனையில் ஜிஎஃப்பி ஒட்டுவது. இது எஸ்எஸ்சி1-இன் இழுவிசை இல்லாமலே இடம்சேரும். இரண்டையும் செய்வதே நல்லது. இரண்டும் ஒரே வடிவத்தைக் காட்டினால்தான் நம்பலாம்.

மைட்டோடிராக்கர் சிவப்புச் சாயம் இங்கே வேண்டாம். அது சவ்வு மின்னழுத்தத்தைச் சார்ந்து சேர்வது. அழுத்தம் குறைந்த செல்லில் சாயம் குறைந்தால், வடிவம் மாறியதா சாயம் ஏறவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மார்ச் 6

வளர்ப்பு. ஊடகம்: அமினோ அமிலம் இல்லாத ஈஸ்ட் நைட்ரஜன் தளம் 0.67 சதவீதம், குளுக்கோஸ் 2 சதவீதம், தேவையான அமினோ அமிலங்கள். அடினைன் தயாரிக்கும் ஏடிஇ2 மரபணுவில் பிறழ்வு உள்ள வகையானால் அடினைனைத் தாராளமாகச் சேர்க்கவும். இல்லையென்றால் சிவப்பு நிறமி சேர்ந்து தானே ஒளிரும், பின்புலம் கெடும்.

600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5 முதல் 0.8 வரை இருக்கும்போது எடுக்க வேண்டும். இரவு முழுக்க வளர்ந்து தேங்கிய வளர்ப்பில் இயல்வகையிலேயே குழாய்கள் குட்டையாகி உருண்டைகளாகிவிடும். காலையில் 0.1-க்கு நீர்த்து, குறைந்தது இரண்டு இரட்டிப்பாவது வளரவிட்ட பிறகே தொடங்கவும்.

கிளிசரால் ஊடகத்தில் வலை அடர்த்தியாகவும் அழகாகவும் தெரியும். ஆனாலும் இங்கே குளுக்கோஸ்தான், ஏனென்றால் எம்டிஜே1 இல்லாத செல் கிளிசராலில் வளராது.

மார்ச் 7

வெப்பம் ஏற்றுதல். குடுவையைத் தூக்கி 37 டிகிரிக் குலுக்கியில் வைத்தால் உள்ளிருக்கும் திரவம் சூடாகப் பல நிமிடங்கள் ஆகும். 25 டிகிரி வளர்ப்போடு 49 டிகிரி ஊடகத்தைச் சம அளவு சேர்த்தால் உடனே 37 வரும். ஊற்றும்போது குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற வளர்ப்பில் ஊற்றினால் முதலில் படும் செல்கள் 45-க்கு மேல் போய்விடும். கண்ணாடியும் கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சும், ஆகவே முதலில் வெறும் ஊடகத்தை வைத்து வெப்பமானியால் ஒத்திகை பார்க்கவும்.

மாதிரி எடுக்கும் நேரம்: 0, 15, 30, 60, 120 நிமிடம். இயல்வகையையும் அதே நேரங்களில் 37-இல் எடுக்காமல் விடக்கூடாது.

நுண்ணோக்கி மேடை அறைவெப்பத்தில் இருந்தால் கண்ணாடித் துண்டில் வைத்த நொடியே செல் குளிரத் தொடங்கும். மேடையை மட்டும் சூடாக்கினால் போதாது. எண்ணெய் வழியாக லென்ஸ் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் லென்ஸுக்கும் வெப்பப் பட்டை வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் 37-இலேயே 3.7 சதவீத ஃபார்மால்டிஹைடு சேர்த்து நிலைப்படுத்தலாம். ஜிஎஃப்பி அதைத் தாங்கும். நிலைப்படுத்தலே குழாய்களைக் கெடுக்கிறதா என்று உயிருள்ள இயல்வகைச் செல்லோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடவும்.

படம்பிடிக்க: செல்லை ஒட்டிப் பிடிக்கும் கான்கனவாலின் ஏ 1 மில்லிகிராம்/மில்லிலிட்டர் பூசிய மூடுகண்ணாடி, 100 மடங்கு எண்ணெய் லென்ஸ், 0.25 மைக்ரோமீட்டர் இடைவெளியில் செல்லின் முழு ஆழமும். 5 மைக்ரோமீட்டர் செல்லுக்கு ஏறக்குறைய 21 அடுக்குகள். ஒற்றைத் தளத்தில் எடுத்த படம் ஏமாற்றும்: குழாயின் குறுக்குவெட்டு புள்ளியாகத் தெரிய, துண்டுபட்டதாக எண்ணிவிடுவோம். ஒளியை அதிகம் பாய்ச்சினால் செல் உண்மையாகவே துண்டுபடும்.

மார்ச் 8

சைக்ளோஹெக்ஸிமைடு சோதனை. சைட்டோசாலில் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து அது. இருப்புக் கரைசல் 10 மில்லிகிராம்/மில்லிலிட்டர், நூறில் ஒரு பங்கு சேர்த்தால் 100 மைக்ரோகிராம்/மில்லிலிட்டர். வெப்பம் ஏற்றும் முன் சேர்க்க வேண்டும்.

காரணம் எளிது. உள்ளே நுழைய முடியாத முன்புரதங்கள் வெளியே குவிவதுதான் சிக்கல் என்றால், புரத உற்பத்தியையே நிறுத்தினால் குவிவதற்கு ஒன்றும் இருக்காது. வலை தப்ப வேண்டும். தப்புவதில்லை. எஸ்எஸ்சி1 பிறழ்வில் திரட்சி அப்படியே வருகிறது. டிம்23 பிறழ்வில் நுழைவு அடைபட்டும் திரட்சி வருவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நுழைவுக் கோளாறு குற்றவாளி இல்லை என்று ஆகிறது.

டிம்23 செல்லில் நுழைவு உண்மையாகவே நின்றதா என்பதைக் காட்டாமல் இந்த வாதம் நிற்காது. சைக்ளோஹெக்ஸிமைடு இல்லாத வளர்ப்பில், மேட்ரிக்ஸ் புரதமான ஹெச்எஸ்பி60-இன் வெட்டப்படாத முன்வடிவம் வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை எதிர்ப்பொருளால் காட்டும் முறை) மேல் பட்டையாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

மார்ச் 10

எம்டிஜே1 நீக்கம். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

எஸ்எஸ்சி1 தனியாக வேலை செய்வதில்லை. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடித்திருக்கும்போது, புரதத்தின் மேல் அதன் பிடி தளர்வானது. ஜே-புரதம் என்ற வகைத் துணைப்புரதம் ஒன்று வந்து தூண்டினால் ஏடிபி உடைந்து பிடி இறுகும். ஏடிபி உடைந்து எஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட்டை எம்ஜிஇ1 என்ற இன்னொரு துணைப்புரதம் வெளியேற்ற, புது ஏடிபி வந்து சேர்ந்து பிடி மறுபடி தளரும். தூண்டும் ஜே-புரதம் எது என்பதில்தான் வேலை பிரிகிறது. வாயிலோரம் நின்று இழுவைக்குத் தூண்டுவது பாம்18. உள்ளே மடிப்புக்குத் தூண்டுவது எம்டிஜே1. ஆகவே எம்டிஜே1-ஐ மட்டும் நீக்கினால் நுழைவு நடக்கும், மடிப்பு கெடும். அந்தச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா திரள்கிறது, 37 டிகிரியில் இன்னும் மோசமாக. வடிவத்தைக் காப்பது மடிப்பு வேலைதான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஒரு பொறி இருக்கிறது. எம்டிஜே1 இழந்த செல் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ-வையும் இழந்துவிடும். டிஎன்ஏ இல்லாததாலேயே வடிவம் மாறியதோ என்று யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இயல்வகையை எத்திடியம் புரோமைடில் வளர்த்து டிஎன்ஏ நீக்கிய செல்லை ஒப்பீட்டுக்கு வைக்கவும். டிஎன்ஏ-வை ஒளிரச்செய்யும் டாபி (DAPI) சாயத்தில் கருவுக்கு வெளியே சிறு புள்ளிகள் எதுவும் தெரியாவிட்டால் நீக்கம் முடிந்தது என்று கொள்ளலாம்.

மார்ச் 12

எம்ஜிஎம்1. எஸ்எஸ்சி1 வடிவத்தைத் தொடும் இரண்டாவது பாதை இது. முதல் பாதையோடு குழப்பிக்கொள்வது மிக எளிது.

எம்ஜிஎம்1 நீளம், குட்டை என இரண்டு வடிவங்களில் இருக்கும். இணைதலுக்கு இரண்டும் தேவை. உள்ளே நுழையும்போது முதல் நீர்வெறுப்புப் பகுதி உட்சவ்வில் நின்றுவிட்டால் நீள வடிவம். இழுவிசை வலுவாக இருந்து அடுத்த நீர்வெறுப்புப் பகுதி சவ்வுக்குள் வந்தால் பிசிபி1 என்ற புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) வெட்டிக் குட்டை வடிவமாக்கும். ஏடிபி குறைந்தாலும் எஸ்எஸ்சி1 தளர்ந்தாலும் குட்டை வடிவம் குறையும். இணைதல் நின்று டிஎன்எம்1 மட்டும் வெட்டிக்கொண்டிருக்க, செல் முழுக்கச் சிறு துண்டுகள் சிதறும்.

கவனிக்க: அது சிதறல், திரட்சி அல்ல. மேலும் இந்த விகிதம் புரதம் நுழையும் தருணத்தில் முடிவாகிறது. முன்பே உள்ளே இருக்கும் எம்ஜிஎம்1-ஐ வெப்பம் மாற்றாது. சைக்ளோஹெக்ஸிமைடு சேர்த்த வளர்ப்பில் வரும் திரட்சிக்கு இதைக் காரணம் காட்ட முடியாது.

பிளாட்டுக்கு: 10 சதவீத டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தில், பனிக்கட்டியில் 10 நிமிடம். மெதுவாக உடைத்தால் புரோட்டியேஸ்கள் நீள வடிவத்தை நறுக்கிப் பொய் விகிதம் காட்டும். வீழ்படிவை அசிட்டோனால் கழுவவும். மாதிரிக் கரைசல் மஞ்சளானால் அமிலம் மிச்சம். நீலமாகும்வரை டிரிஸ் காரம் சொட்டுச்சொட்டாக. ஜெல் 8 சதவீதம், நிதானமாக ஓட்டவும், இரு பட்டைகளும் நெருங்கியே நிற்கும்.

மார்ச் 13

மீட்சி. எம்டிஜே1 நீக்கச் செல்லை 37-இலிருந்து 23 டிகிரிக்குக் கொண்டுவந்தால் திரட்சி அவிழ்கிறது. சைக்ளோஹெக்ஸிமைடு இருந்தால் அவிழ்வதில்லை. அதாவது மீட்சிக்குப் புதுப் புரதம் வேண்டும்.

மார்ச் 15

எண்ணுதல். கோப்புப் பெயர்களை இன்னொருவர் மாற்றிக் கொடுத்த பிறகே எண்ண வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 200 செல்கள், மூன்று தனித்தனி வளர்ப்புகள். வகைகள் நான்கு: குழாய்வலை, சிதறிய துண்டுகள், திரட்சி, முடிவு செய்ய இயலாதவை. நான்காவது வகையைத் தூக்கி எறியக் கூடாது. அது பத்தில் ஒன்றைத் தாண்டினால் படம்பிடித்ததிலேயே கோளாறு, திரும்ப எடுக்கவும்.

திரட்சிக்குள் குழாய்கள் ஒன்றாகிவிட்டனவா, அருகருகே ஒட்டி நிற்கின்றனவா என்பதை ஒளிநுண்ணோக்கியில் சொல்ல முடியாது. 200 நானோமீட்டருக்குள் நெருங்கிய இரு சவ்வுகள் ஒன்றாகவே தெரியும். அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான். மேட்ரிக்ஸ் புரதங்கள் திரண்டனவா என்பதைப் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் பார்க்கலாம்: சவ்வைக் கரைக்கும் 0.5 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100-இல் கரைத்து, 20,000 மடங்கு புவியீர்ப்பில் 10 நிமிடம் சுழற்றி, வண்டலையும் தெளிவையும் தனித்தனியாக ஜெல்லில் ஏற்றவும். செல்சுவரைச் சைமோலியேஸால் கரைக்கும் கட்டத்தை வெப்ப உணர்வுள்ள வகைகளுக்கு 30 டிகிரியில் செய்யாமல் 25-இல் கூடுதல் நேரம் வைத்துச் செய்யவும். இல்லையென்றால் 25 டிகிரி ஒப்பீட்டு மாதிரியிலேயே வண்டல் சேர்ந்துவிடும்.