தூங்கினாலும் தீராத அசதி

ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர் வேலை பார்க்கும் எங்கள் காதில் வலியைவிட அதிகம் விழுவது அசதிதான். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று மேலூர்க்காரரும் சொல்வார், உசிலம்பட்டிக்காரரும் சொல்வார். கூட வந்த அம்மா, "பிள்ளைய ஒரு துரும்பக்கூட எடுக்க விடுறதில்ல, படுத்தேதான் இருக்கு" என்பார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் படுத்தே கிடந்தால் சில நாட்களிலேயே தொடைத் தசை இளைக்கத் தொடங்கும்; அப்புறம் கழிப்பறைவரை நடக்கவே மூச்சு வாங்கும். வெறும் ஓய்வால் இந்த அசதி தீராது என்று வீட்டாருக்குப் புரியவைப்பதிலேயே எங்கள் வேலையில் பாதி போகிறது.

முதலில் காரணம் தெரிய வேண்டும். அசதிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்போம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1 கிராம் கூடும். ஹீமோகுளோபின் ஓரளவு நன்றாக இருந்தும் அசதி விடவில்லையா? தைராய்டு, சர்க்கரை, தூக்கம், வலி, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு கேட்டால்தான் வெளியே வரும், அதுவும் கூட வந்தவர் டீ வாங்கப் போன நேரத்தில்.

ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஈரலும் சமைத்துக் கொடுப்பார்கள். நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம். இரும்புச்சத்து டானிக் விஷயம் வேறு. இந்த நோயில் எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. கீமோவும் அங்கே உற்பத்தியைக் குறைக்கிறது. சிவப்பணு குறைவது பெரும்பாலும் அதனால்தான். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லாததால் ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்காமல் டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஸ்டீராய்டு தரும் அசதியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. லிம்ஃபாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோனும் டெக்ஸாமெத்தசோனும் இடுப்பு, தொடைத் தசைகளைத்தான் முதலில் பதம் பார்க்கும். தரையில் சப்பணமிட்டவர் கையூன்றாமல் எழ முடியாது. டவுன் பஸ் படி ஏற இன்னொருவர் தோள் வேண்டும். இதை நோய் முற்றியதாக எண்ணி அழுபவர்கள் உண்டு. கை வைக்காமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருவது, காலையும் மாலையும், நல்ல பயிற்சி. முதலில் முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்தூக்கம் போகும், மறுநாள் முழுக்க அசத்தும். காலைச் சாப்பாட்டோடு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் பலர் தினமும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அசதி தாங்காமல் மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். அப்படி விட்டால் நோய் மறுபடி தலையெடுக்கும். சாப்பாட்டோடு பெரிய டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். ராச்சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் அதிகமாகச் சக்தியை உறிஞ்சுவது குளியல். ஸ்டூலில் உட்கார்ந்து வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தலைசுற்றும். குளித்த கையோடு அடுப்படிக்குப் போகாமல் அரை மணி நேரம் விடுங்கள். சுங்குடிக்கு முடிச்சுப் போடுபவர்களும் பூக்கட்டுபவர்களும் உட்கார்ந்தபடி அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திச் செய்யலாம். சாயத் தொட்டிச் சூடும், விடிவதற்கு முன் ஈரமண்ணில் குனிந்து மல்லிகை எடுப்பதும் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் வேண்டாம்.

நடைதான் நம்பக்கூடிய மருந்து. சித்திரை வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் கூட்டலாம். வண்டியூர் தெப்பக்குளத்தை முழுச் சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும்; ஆரம்பத்தில் ஒரு கரை மட்டும் நடந்து, உட்கார்ந்து, திரும்பினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். நன்றாக இருக்கும் நாளில் பாக்கி வேலையெல்லாம் இழுத்துப் போட்டால் அடுத்த இரண்டு நாள் எழ முடியாது. பகல் தூக்கம் 3 மணிக்கு முன், அரை மணி நேரம்.

ரத்தம் உறைய உதவும் தட்டணு 20,000க்குக் கீழே இருந்தாலோ, மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தாலோ பயிற்சி கூடாது. அசதியோடு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது காய்ச்சலை மறைக்குமே தவிரத் தொற்றை நிறுத்தாது. நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு வந்துவிடுங்கள்.