விடியும்வரை கணவாயைக் காப்பாற்றுவது

ராத்திரிப் படகில் போகிறவர்களுக்குத் தெரியும், மீன் பிடிப்பதை விட இரையை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய பாடு. அதிலும் கணவாய் என்றால் கேட்கவே வேண்டாம். மிரண்டால் மையைக் கக்கும், கக்கிய மையிலேயே மூச்சடைத்துச் சாகும். ஓட்டுக்கணவாய் அடியில் படுத்துக் கிடக்கும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஊசிக்கணவாய்க்கு நிற்கவே தெரியாது, ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது ஊசிக்கணவாய்தான்.

முன்னிரவில் கிளம்பி, வழியில் நங்கூரம் போட்டு, விளக்கடியில் கணவாய் பிடித்துக்கொண்டு, விடியலில் பாருக்கு, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டுக்கு, போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். அங்கே பாறை மீனும் கடல் விராலும் உயிர்க் கணவாய்க்கு வாய் வைக்காமல் போகாது. ஆனால் கணவாய் தொட்டிக்குள் விழும் நேரத்துக்கும் தூண்டிலில் ஏறும் நேரத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க இருக்கிறது.

படகுக்காரர் வைத்திருந்த தொட்டி, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயைக் குறுக்கே அறுத்துச் செய்தது. பார்க்க அழகாக இல்லை, ஆனால் வட்டமாக இருந்தது. கணவாய் பின்பக்கமாகப் பாய்கிற ஜீவன். உடலுக்குள் இழுத்த தண்ணீரைக் குழல் வழியே பீய்ச்சிக்கொண்டு, கூர்மையான வால் முனையை முன்னே விட்டுப் போகும். சதுரத் தொட்டியில் அந்த முனை மூலைக்கு மூலை இடிபட்டு, மெல்லிய தோல் கிழிந்து, வெள்ளையாகப் புண்ணாகிவிடும். வட்டத்தில் சுற்றி வர இடம் இருக்கிறது. தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூடியை இறுக்கினார். பாதி நிரப்பினால் படகு ஆடும்போது தண்ணீர் அலைந்து, கணவாயைச் சுவரில் கொண்டுபோய் அறையும்.

இந்த வட்டத் தொட்டி விஷயத்தில் ஆராய்ச்சிக்காரர்களும் நிறையப் பட்டிருக்கிறார்கள். கணவாயின் உடலில் ஓடும் ராட்சத நரம்பிழை, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூடத் தடிப்பாக இருக்கும். அதை வைத்துத்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து 1963இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நரம்பு வேண்டுமென்றால் புத்தம்புதுக் கணவாய் வேண்டும். பிறகு ஜப்பானில் கென் மாட்சுமோட்டோ என்ற ஆய்வாளர் வட்டத் தொட்டியையும் அம்மோனியாவை நீக்கும் வடிகட்டியையும் சேர்த்துக் கணவாயை நெடுநாள் உயிரோடு வைத்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் அவர் செய்ததைத்தான் ஆடுகிற படகில் நாங்கள் ஒரு ராத்திரிக்குச் செய்யப் பார்த்தோம், வடிகட்டி இல்லாமல்.

விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கணவாய் வந்துவிட்டது. ஜிக்கில், அதாவது கணவாய் பிடிக்கும் கொக்கி வைத்த போலி இரையில், ஏறியதும் நண்பர் சர்ரென்று இழுத்துப் படகுக்குள் போடப் போனார். படகுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவசரப்படாதீங்க தம்பி. தண்ணியிலயே ரெண்டு தடவ துப்பட்டும். துப்பினதுக்கப்புறம் எடுங்க."

அப்படியே நடந்தது. படகோரத்தில் கறுப்பாக ஒரு மேகம், இன்னொரு மேகம். அப்புறம் ஒரு வாளியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கணவாய்க்கு அடியில் கொண்டுபோய், தண்ணீரோடு சேர்த்து மேலே தூக்கினார். ஜிக்கின் கொக்கிகளில் எதிர்முள் கிடையாது. தூண்டில் நரம்பைத் தளர்த்தி ஜிக்கைத் தலைகீழாகச் சாய்த்ததும் கணவாய் தானாகக் கழன்று விழுந்தது. கை படவே இல்லை. வாளிக்குள் இன்னும் ஒரு பீய்ச்சல். அது அடங்கியதும், தெளிந்த தண்ணீர் இருந்த இரண்டாவது வாளிக்கு மாற்றி, அங்கிருந்துதான் தொட்டிக்குள் விட்டார். இந்த இடைவாளியை நிறையப் பேர் வைப்பதில்லை. என்னைக் கேட்டால், வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. மையில் கோழை கலந்திருக்கும், அது செவுளில் படிந்தால் தொட்டியில் இருக்கும் எல்லாமே சேர்ந்து திணறும்.

வலைக்கரண்டியில் அள்ளுவதும் ஆகாது. வெளியே தூக்கும்போது உடல் உறைக்குள் காற்று புகுந்துகொண்டால், அப்புறம் கணவாய் கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதந்து தவிக்கும்.

தொட்டியில் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. கணவாய்க்கு மூன்று இதயம். செவுளுக்கு ஒன்றாக இரண்டு, உடம்புக்கு ஒன்று. ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு சேர்ந்த ஹீமோசயனின் இருக்கிறது. நம் ரத்தச் சிவப்பணு சுமக்கும் அளவுக்கு அது ஆக்ஸிஜனைச் சுமக்காது. இந்தக் குறைந்த சுமையை வைத்துக்கொண்டு ராப்பகலாக நீந்த வேண்டும். கழிவும் அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே சேரும். காற்றுக் குமிழி அம்மோனியாவை விரட்டாது, புதுத் தண்ணீர்தான் விரட்ட வேண்டும். அதனால் கடல்நீர் பம்பு ஒரு பக்கம் ஏற்ற, மறுபக்கம் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வழியும் துளையில் நல்ல அகலமான சல்லடை வைத்திருந்தார். சின்னத் துளையாக இருந்தால் உறிஞ்சல் ஒரே இடத்தில் கூடி, கணவாய் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு விசித்திரம். ரத்தத்திலேயே செம்பு ஓடினாலும், தண்ணீரில் கரைந்த செம்பு கணவாய்க்கு விஷம். பித்தளைக் குழாய், பித்தளை வால்வு எதுவும் அந்தத் தொட்டியில் கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக்.

வழியில் ஒரு கழிமுகத்துக்கு எதிரே கடக்க வேண்டியிருந்தது. மேலே மழை பெய்திருந்ததால் டார்ச் வெளிச்சத்திலேயே தண்ணீர் கலங்கித் தெரிந்தது. படகுக்காரர் உடனே பம்பை நிறுத்திவிட்டார். காற்று மோட்டார் மட்டும் ஓடியது. ஆற்று நீர் எடை குறைவு, கடல்நீரின் மேலேயே பரவி நிற்கும். பம்பு உறிஞ்சுவதும் அந்த மேல்நீரைத்தான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும், அது சட்டென்று குறைவதைக் கணவாய் தாங்காது. கலங்கல் தாண்டி நீலம் வந்த பிறகுதான் மறுபடி பம்பைப் போட்டார்.

ஐஸ் விஷயத்திலும் இதே கதை. சூடு கூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதனால் குளிர்விப்பது நல்லதுதான். ஆனால் ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்டினால் அது உருகி நன்னீராகிவிடும், குழாய்நீரில் செய்த ஐஸ் என்றால் குளோரினும் சேரும். மூடி இறுக்கிய பாட்டிலில் உறையவைத்து, ஒவ்வொன்றாக மிதக்கவிட்டோம். மெதுவாகக் குளிர வேண்டும்.

எத்தனை கணவாய் வைக்கலாம் என்பதில்தான் படகில் வாக்குவாதம். கணவாய் கொட்டிக் கொடுக்கும்போது நிறுத்த யாருக்கு மனசு வரும்? நண்பர் இன்னும் இன்னும் என்றார். நான் படகுக்காரர் பக்கம். ஒரு கையளவுக் கணவாய்க்குப் பத்து லிட்டர் தண்ணீராவது விடுவது என் வழக்கம். கூட்டம் கூடினால் உரசல், உரசினால் மை, மை வந்தால் எல்லாம் போச்சு. பெரியதும் சிறியதும் ஒரே தொட்டியில் இருந்தால் பெரியது சிறியதைக் கடித்துத் தின்றும் விடும். மிஞ்சியதை நேராக ஐஸ் பெட்டிக்கு அனுப்பினோம். நண்பருக்குக் கொஞ்ச நேரம் முகம் சரியில்லை.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். டார்ச்சைப் பளிச்சென்று அடித்தால் மிரண்டு சுவரில் மோதும். சிவப்பு விளக்கு கணவாயின் கண்ணில் அவ்வளவாகப் படாது என்பதால் அதை வைத்துத்தான் பார்த்தோம். ஆரோக்கியமான கணவாய் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கும், மேலே புள்ளிகள் விரிந்து சுருங்கி மின்னும். ஒன்று மட்டும் பால் வெள்ளையாகி, துடுப்பு அசைவது தளர்ந்து, ஒருக்களித்து மிதந்தது. அதை உடனே எடுத்துவிட்டோம். செத்ததை விட்டுவைத்தால் தண்ணீர் கெட்டுவிடும்.

விடியலில் பாருக்கு மேலே நின்றோம். கொக்கி போடும் இடம் முக்கியம். வால் முனைக்குச் சற்று உள்ளே, சதை மட்டும் இருக்கும் இடத்தில் ஒரு குத்து. நடு உடலில் குத்தினால் உள்ளுறுப்பில் பட்டுச் சீக்கிரம் செத்துவிடும். முனையில் மாட்டினால் இழுக்கும்போதும் அது வழக்கமாகப் பாயும் திசையிலேயே போகும். இறக்கிய கொஞ்ச நேரத்தில் என் ராடு வளைந்தது, பாறை மீன். அடுத்ததைக் கடல் விரால் ஒன்று படகோரம் வரை துரத்தி வந்து, எங்களைப் பார்த்தபின் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விழுங்கியது.

நண்பர் ஐஸ் பெட்டியிலிருந்த செத்த கணவாயை நீளமாகக் கீறி அடியில் இறக்கினார். அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய கலவா மீன் அவருக்குத்தான். திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார், நான் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியைக் கழுவும் வேலை மட்டும் எங்கள் இருவருக்கும் வந்தது. மை காய்ந்தால் லேசில் போகாது, ஈரமாக இருக்கும்போதே கடல்நீரில் தேய்த்துவிட வேண்டும். சோப்பு போடவே கூடாது, மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த பயணத்துக் கணவாய்க்கு ஆபத்து.