பத்து மாத அட்வான்ஸ்

வாடகை ஏறுகிறது என்று எல்லாரும்தான் புலம்புகிறார்கள். எனக்கு அதைவிட அட்வான்ஸ் மேல்தான் கோபம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், அதனால் முதலில் என் கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

2014-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் 16,000. கொரட்டூரில் இரண்டு ரூம், கிச்சன் உள்ள வீட்டுக்கு வாடகை 8,500. இன்று அதே கம்பெனியில் 27,000 வாங்குகிறேன். அடுத்த தெருவில், அதே அளவு வீட்டுக்கு 17,000 கொடுக்கிறேன். ஏப்ரலில் ஆயிரம் ரூபாய் இன்கிரிமென்ட் வந்தால், பதினொரு மாத அக்ரிமென்ட் முடிகிற அன்றைக்கு அதில் பெரும்பகுதி ஓனருக்குப் போய்விடும்.

இது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அட்வான்ஸுக்கு வருகிறேன்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது எழுதாத சட்டம். எழுதின சட்டமும் ஒன்று இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவள் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டாள்? புரோக்கரிடம் சொல்லிப் பார்த்தேன். "சட்டம் பேசுற பார்ட்டிக்கு வீடு காட்டவே பயமா இருக்கும்மா" என்றார். அவருக்குத் தனியாக ஒரு மாத வாடகை கமிஷன்.

ஆக, என் பணம் 1,70,000 ரூபாய் ஓனரிடம் இருக்கிறது. ஏழு சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் வருஷம் 11,900 வந்திருக்கும். மாசம் ஆயிரம் ரூபாய், ரசீதில் வராத வாடகை. அந்த அட்வான்ஸில் பாதிப் பணம் என் வளையல்களை பேங்கில் வைத்துப் புரட்டியது. கொடுத்த பணத்துக்கு வட்டி கிடையாது, அதைக் கொடுக்க வாங்கின கடனுக்கு வட்டி உண்டு. எங்கள் ஆடிட்டர் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

பழைய வீட்டைக் காலி செய்தபோது ஆணி ஓட்டைகளையெல்லாம் வெள்ளை டூத்பேஸ்ட் வைத்து அடைத்தோம். வாடகைக்கு இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வித்தை, ஓனர்களுக்கும் தெரியும். பழைய ஓனர் மொபைல் டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்து அடித்துப் பார்த்தார். ஒரு இடத்தை நகத்தால் சுரண்டி மோந்தார்.

"புதினா வாசம் வருதேம்மா."

நான் பேசவில்லை.

"பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்கிறேன். மீதிய, அடுத்து வர்றவங்க அட்வான்ஸ் குடுத்ததும் உன் அக்கவுண்ட்ல போட்டுடறேன்."

அதாவது, என் பணத்தை அவர் எப்போதோ செலவழித்தாயிற்று. புது ஓனரம்மாவோ முழு அட்வான்ஸ் வந்தால்தான் சாவி என்றார். வளையல் பேங்குக்குப் போனது அந்த இடைவெளியில்தான்.

"வாடகை கட்டுற காசுல இஎம்ஐ கட்டலாமே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பழைய ஃப்ளாட் 65 லட்சம் சொல்கிறார்கள். பேங்க் 80 சதவீதம், 52 லட்சம் தரும். எட்டரை வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதம் 45,000 சொச்சம். நானும் என் கணவரும் சேர்ந்து சம்பாதிப்பதே 49,000. கையிலிருந்து 13 லட்சம் போட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அது இன்னொரு 5,85,000. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவாம். சந்தோஷம். சொத்து மதிப்பு பத்து லட்சத்தைத் தாண்டக் கூடாது. கொரட்டூரில் பத்து லட்சத்துக்கு கார் நிறுத்துகிற இடமாவது கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

திருநின்றவூர் பக்கம் போனால் வாடகை குறையும், மின்சார ரயிலும் இருக்கிறது. ஆனால் மறுபடி புரோக்கர், வேன் கூலி, பையனுக்குப் புது ஸ்கூல், புது அட்வான்ஸ்.

தை மாதம் அக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டும். மூன்று மாத அட்வான்ஸை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள், வேண்டுமானால் வாடகையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஓனரம்மாவிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். என் கணவர் சிரிக்கிறார். "போன ஆவணியில அவங்க பொண்ணு கல்யாணத்துக்குப் போய் சாப்பிட்டுட்டு வந்தோமே, அது யார் காசுன்னு நெனச்சே?" என்கிறார்.