செயற்கை முட்டி ஆடுகிறது, எக்ஸ்ரேயோ ‘நார்மல்’ என்கிறது

மூட்டு மாற்றிய முட்டி படியிறங்கும்போது நழுவுகிறது, நாற்காலியிலிருந்து எழும்போது நம்பி ஊன்ற முடியவில்லை, சாயங்காலமானால் நீர் கோத்துக்கொள்கிறது. இதைச் சொன்னால் மூன்று இடத்திலும் ஒரே பதில்: “எக்ஸ்ரே நார்மல், தொடைக்குப் பயிற்சி செய்யுங்க.”

நார்மலாக இல்லாமல் என்ன செய்யும்? படுக்க வைத்து எடுத்தது. சீட்டில் ‘நின்ற நிலை’ என்று எழுதியிருந்தும் டெக்னீஷியன் படுக்கச் சொல்லிவிட்டார். உடம்பு எடை இறங்காத முட்டி சமர்த்தாகத்தான் தெரியும். படம் எடுக்கும் முன்பே சீட்டைக் காட்டி அடம்பிடியுங்கள். ஆனால் நின்று எடுத்தாலும் நீட்டிய கால்தானே அது! மடக்கும்போது மட்டும் வருகிற தளர்வு அதிலும் சிக்காது. அதற்குக் கைதான் வேண்டும். நான்காவதாகப் பார்த்த டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, முட்டிக்குக் கீழே இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். ‘டக்’ என்று நகர்ந்தது. அரை நிமிட வேலை.

அடுத்த அலைச்சல் ஸ்டிக்கருக்கு. உள்ளே வைத்த பாகங்களின் கம்பெனி, மாடல், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாம் ஆபரேஷன் நோட்ஸில் ஒட்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘முழு மூட்டு மாற்று செய்யப்பட்டது’ என்று ஒரு வரிதான். அதுவே போதும் என்று ரெக்கார்ட்ஸ் கிளார்க் திருப்பி அனுப்பினார். எழுதிக் கொடுத்து வாங்கிய நகலில் ஸ்டிக்கர் இல்லை. அது தாளின் பின்பக்கம், அவர் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்திருந்தார். இன்னொரு நடை. மறு ஆபரேஷனுக்கு இந்த ஸ்டிக்கர் அவசியம். லைனரை (நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டு) மட்டும் மாற்றுவதென்றால் அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கானதுதான் கீழ் எலும்பில் பதித்த உலோகத் தட்டில் பூட்டும்.

தொற்று இல்லை என்று உறுதி செய்யாமல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள்), பிறகு முட்டி நீரை ஊசியில் எடுத்துச் செல் எண்ணிக்கையும் கல்ச்சரும் (கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பது). இங்கேதான் நீர் எடுக்கக் கொடுத்த ஒரு தேதி வீணானது. தொண்டை வலிக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்! கிருமி இருந்தாலும் அது மறைத்துவிடும் என்பதால் குறைந்தது 2 வாரம் இடைவெளி வேண்டும். தேதி கொடுத்தவர் இதைக் கேட்கவே இல்லை. (நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.) கல்ச்சரை 14 நாள் வைத்துப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். மெதுவாக வளரும் கிருமி 5 நாளில் தலைகாட்டாது.

“தடிமனான லைனர் போட்டால் போதும், சின்ன ஆபரேஷன்” என்று ஒருவர் சொன்னது ஆசையாகத்தான் இருந்தது. லைனர் தடித்தால் கால் நீட்டும்போதும் மடக்கும்போதும் இடைவெளி ஒரே அளவு குறையும். இரண்டிலும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால் சரி. மடக்கும்போது மட்டும் தளர்வென்றால் ஆட்டம் நின்றுவிடும், காலை முழுக்க நீட்ட முடியாமல் போகும். தொடை எலும்புப் பாகம் சிறிதாகப் போனதா, கீழ்ப்பாகம் பின்பக்கம் அதிகம் சரிந்திருக்கிறதா, பாகம் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா (இதற்கு சிடி ஸ்கேன்), பின் லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்துவிட்டதா என்று பார்த்து அதைத்தான் சரிசெய்ய வேண்டும். பக்க லிகமெண்ட்களே போயிருந்தால் கீல் வைத்த மூட்டு வரைக்கும் போக நேரிடும். முட்டியை 0, 30, 90 டிகிரி மடக்கினால் எங்கே தளர்வு, எதனால் என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறு ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுவதற்கு முன்பே ஸ்டிக்கர் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் போனில் படமெடுத்தாயிற்று.