விஷமுறிவு மருந்து அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாத இரவு

பாலக்கோடு பக்கம் உள்ள எங்கள் தக்காளித் தோட்டத்தில், இரவு மின்சாரம் வந்ததும் மோட்டார் போடச் சென்ற அப்பாவை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. முதுகில் சங்கிலி போன்ற புள்ளிகளை டார்ச் வெளிச்சத்தில் அவரே பார்த்திருந்தார். துண்டால் காலை இறுக்கிக் கட்ட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் தடுத்து, காலை அசைக்கவிடாமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே கொஞ்சம் இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்தார்கள். உறையாமல் தண்ணீராக வழிந்தது; விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டதற்கு அது அடையாளம். உடனே 10 குப்பி விஷமுறிவு மருந்தைக் கலக்கத் தொடங்கினார்கள். தூளாக இருக்கும் அந்த மருந்தை நுரை எழாதபடி செவிலியர் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிக் கரைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. “ஒத்துக்கொள்ளுமா என்று தோலில் போட்டுப் பார்க்க மாட்டீர்களா?” என்று அம்மா கேட்டார். அந்தச் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டிக் கொடுப்பதில்லை என்றும், அதற்குப் பதில் கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் மருந்தை ஊசியில் நிரப்பித் தயாராக வைத்திருப்பதாகவும் மருத்துவர் விளக்கினார்.

விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அந்த ஊசி தேவைப்பட்டது. அப்பா கழுத்தைச் சொறியத் தொடங்கினார். வயிறெங்கும் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைத்தது. சொட்டை நிறுத்திவிட்டு, தொடையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போட்டு, பிறகு ஒவ்வாமைக்கான அவில், ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்துகளும் கொடுத்தார்கள். மூச்சு சீரானதும் அதே மருந்தை மறுபடி ஏற்றப் போவதாகச் சொன்னபோது அம்மா கட்டிலை மறித்து நின்றார்; உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணம்தான். “ஒவ்வாமையை அடக்க என்னிடம் மருந்து இருக்கிறதம்மா, விரியன் விஷத்துக்கு இதைவிட்டால் வேறு மருந்து கிடையாது” என்றார் மருத்துவர். அம்மா விலகினார். இம்முறை சொட்டு மிக மெதுவாக இறங்கியது.

6 மணி நேரம் கழித்தும் இரத்தம் உறையாததால் மேலும் 10 குப்பி ஏறியது. அடுத்த சோதனையில் குழாயைக் கவிழ்த்தும் இரத்தம் அசையவில்லை.

எனக்குள்ள ஒரே குறை, வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்து வரக்கூடியதை யாரும் சொல்லாததுதான். ஒன்பதாம் நாள் காய்ச்சல், மூட்டுவலி, மறுபடி தடிப்பு. பாம்புக்கடியோடு சம்பந்தமில்லாத காய்ச்சல் என்றே நினைத்து இரண்டு நாளை ஓட்டினோம். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை உடல் தாமதமாக எதிர்ப்பதால் ஒன்றிரண்டு வாரங்களில் இப்படி வரலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் சரியானது. ஒவ்வாமை ஏற்பட்ட விவரம் எழுதிய சீட்டை அம்மா ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.